கூச்சம் வேண்டாம்!

"நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போகிறது? இரத்தம் உண்டா?"

டாக்டர் இப்படிக் கேட்டால் பலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். "ஒன்றுமில்லை, சூடுதான்" என்று மழுப்புகிறார்கள். இது பெருந்தவறு.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் சிட்னி ட்ரூலவ் என்ற டாக்டர் இருந்தார். பெருங்குடலில் புண் உண்டாகி, இரத்தமும் சீதமுமாகப் போகும் நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். அந்தக் காலத்தில் இந்த நோய் கடுமையானால் பலர் பிழைப்பதில்லை.

அவரும் பேராசிரியர் விட்சும் 210 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 1955-ல் முடிவு வெளிவந்தது. கார்ட்டிசோன் சாப்பிட்டவர்களில் 100-க்கு 41 பேருக்கு ஆறு வாரத்தில் நோய் தணிந்தது. மற்றவர்களில் 100-க்கு 16 பேருக்குத்தான்!

நோயின் கடுமையை அளக்கவும் அவர்கள் வழி சொன்னார்கள். நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போகிறதா? காய்ச்சல் அடிக்கிறதா? நாடி வேகமாகத் துடிக்கிறதா? அப்படியானால் ஆபத்து. இன்றும் டாக்டர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள்.

காய்ச்சலைக் கருவி காட்டும். நாடியை விரல் சொல்லும். முதல் கேள்விக்கு நோயாளிதான் வாய் திறக்க வேண்டும்.

இரத்தம் போவதெல்லாம் மூலம் அல்ல, சூடும் அல்ல. கைவைத்தியம் செய்து நாளைக் கடத்தாதீர்கள். வீட்டில் யாருக்கேனும் இப்படி இருந்தால் அன்போடு விசாரியுங்கள். உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கூச்சத்தைவிட உயிர் பெரிது.