மறைவிற் செய்யும் உதவி

கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரி, வேட்டைக் காட்டிலே வன்பரணர் குழுவினரைக் கண்டான். அவர்கள் பாட்டில் தன் பெயரைக் கேட்டு நாணினான். அவர்கள் தம் வேண்டுகோளைச் சொல்லவும் விடாமல் ஊனும் நறவும் பொன்னும் ஈந்தான். இது புறநானூற்று 152-ஆம் பாட்டின் செய்தி. மத்தேயு சுவிசேஷம் 6-ஆம் அதிகாரமும் அந்தரங்கத்தில் தருமஞ் செய்யும்படியே போதிக்கின்றது.

ஆயின், நமது சேலம், நாமக்கல் சமவெளியின் சபை வாலிபர் சங்கங்களுள் ஒன்று, ஏழைக் குடும்பத்திற்கு அரிசி ஈந்து, அக்குடும்பத்தாரை நிறுத்திப் புகைப்படமும் எடுக்குமாயின், அரிசியோடு அவமானமும் அவ்வீடு புகும். அப்படத்தைத் தன் தோழர் கையிற் காணும் பிள்ளையின் துயரை யார் அளப்பார்?

எல்லா உதவியும் மறைவில் நிகழ இயலாதென்பர் சிலர். மெய்யே. 1929-இல் கொல்லிமலையில் உயிர்நீத்த மிஷனெரி ஜெஸ்ஸி பிராண்டு முகங்காட்டாது மருந்தளித்திருக்க முடியாது. நோயாளி வைத்தியனை அறிந்தே நம்புகிறான். ஆனால் அரிசிக்கும், பள்ளிச் சம்பளத்திற்கும், கூரை வேயும் கீற்றுக்கும் ஈவோன் முகம் வேண்டுவதில்லை.

ஆகவே, சங்கத் தலைவர்க்கு யாம் கூறுவது இதுவே. வரவு செலவைச் சபைக்கு ஒளியாது காட்டுக. பணத்தில் மறைவு ஐயத்தையே விளைக்கும். பெற்றோர் பெயரைப் போதகரும் பொருளாளரும் மட்டும் அறிக. ஈந்தோர் பெயரை ஆண்டறிக்கையில் எழுதற்க. வாலிபர் தலைவரின் சொல்லைவிடச் செயலையே பின்பற்றுவராதலின், முதலில் மறையவேண்டிய பெயர் தலைவருடையதே.