கோபாலுக்கு வயசாகிவிட்டதா?

தாடிக்கொம்பில் 'கோபால்' என்றால் பெருமாள் கோயிலுக்கு வரும் யாரோ ஒருவர் என்றுதான் நினைப்பார்கள். நான் சொல்வது ஒரு கம்ப்யூட்டர் மொழி. 1959-ல் அமெரிக்காவில் வியாபாரக் கணக்குகளுக்காகவே தொடங்கப்பட்டது. வங்கி, இன்சூரன்ஸ் மெயின்ஃபிரேம்களில் இன்றும் ஓடுகிறது.

"அதெல்லாம் பழசு தாத்தா" என்கிறார்கள் பிள்ளைகள். பழசுதான். ஆனால் பைசா பிசகாது. நாம் போடுவதுபோலவே பத்தின் கணக்கில் போடும். புது மொழிகள் பலவற்றில் தசமக் கணக்கைத் தனியாகக் கேட்டு வாங்காவிட்டால், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டும்போது துல்லியமாக 0.3 வராது.

பழைய புரோகிராம்களில் இடத்தை மிச்சம்பிடிக்க வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்தார்கள். 2000 நெருங்கியபோது அதைத் திருத்தும் வேலைதான் நம் பிள்ளைகள் பலரைச் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசேர்த்தது.

கொரோனா வந்த 2020 ஏப்ரலில், வேலையிழந்தோர் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்து நியூஜெர்சி திணறியது. அந்த மாநில கவர்னரே கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று கேட்டார். மொழியைக் குறை சொல்லிப் பயனில்லை. தெரிந்தவர்களுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யவில்லை.

திண்டுக்கல் கல்லூரிகள் ஒரு செமஸ்டராவது இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பேரன், பேத்தி இருந்தால் காதில் போட்டு வையுங்கள்.