கைராசியாவது, மண்ணாவது!

"எங்க வீட்டுல பூச்செடி நிக்கவே நிக்காதுங்க, எனக்குக் கைராசி இல்லை." சென்னையில் இதைச் சொல்லாத வீடே கிடையாது. டிசம்பரில் நர்சரிக்குப் போய், பெட்டூனியா, டேலியா என்று பூத்துக் குலுங்குகிற தொட்டிகளாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வருவது. ஏப்ரலில் எல்லாம் சருகு. பழி கைமேல்!

அட, பெட்டூனியா இங்கே குளிர்காலத்துச் செடி ஐயா. யார் கை பட்டாலும் சென்னை வெயிலில் அது போய்த்தான் தீரும். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் அடுத்த டிசம்பரில் நீங்கள் எப்படித் திரும்பி வருவீர்கள்?

வருஷக்கணக்கில் நிற்கிற செடியாக வாங்குங்கள் என்பது என் கட்சி. அதையும் நிறம் பார்த்து ஜோடி சேர்க்காமல், பூக்கிற காலமும் குடிக்கிற தண்ணீரும் பார்த்துச் சேருங்கள்.

பல்லாண்டுப் பூச்செடிகள் என்று தேடினால் வந்து விழுவதெல்லாம் இங்கிலாந்துத் தோட்டம். டெல்ஃபினியம், பியோனி, லாவண்டர். ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள், உயரமானது பின்வரிசை. அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பியோனி குளிரில் தரைக்கு மேலே கருகி, மண்ணுக்குள் தூங்கி, வசந்தத்தில் எழுகிற சாதி. அந்தக் குளிர் இல்லாவிட்டால் ஒழுங்காகப் பூக்காது. சென்னையில் குளிருக்கு எங்கே போக, ஃப்ரிட்ஜுக்குள் நடுவதா? :-)

நம் ஊரிலும் அப்படித் தூங்கி எழுகிற செடி உண்டு. செங்காந்தள். மழைக்கு முளைத்து, பூத்து, காய்ந்து, கிழங்காக அடுத்த மழைக்குக் காத்திருக்கும். மாநில மலர் வேறு. எத்தனை நர்சரியில் பார்த்திருக்கிறீர்கள்? (கிழங்கு கொடிய விஷம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டாம்.)

மல்லிகைக்குத் தூக்கத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். நவம்பர் கடைசியில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டு மேலே கவாத்து. வெட்ட மனசு வராமல் விட்டுவிட்டு, "இலையா வருது, பூவே இல்லை" என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். வெட்டினால் மார்ச்சிலிருந்து மொட்டு. சரி, அதுவரை மொட்டையாக நிற்கிற இடத்தை என்ன செய்வது? பக்கத்தில் டிசம்பர் பூ வையுங்கள். மல்லிகை ஓய்வெடுக்கிற மாதங்களில்தான் அது பூக்கும். எந்த வண்ணச் சக்கரமும் இந்த ஜோடியைச் சொல்லித் தராது.

நாளுக்குள்ளும் இதே கணக்குதான். விடியலில் பவழமல்லி உதிரும், பகலெல்லாம் செம்பருத்தி, சாயங்காலம் அந்திமந்தாரை, இருட்டினால் மல்லிகை வாசம். அந்திமந்தாரைக்குக் கிழங்கு உண்டு, மேலே காய்ந்தாலும் திரும்ப வரும். அரை நிழலா? நந்தியாவட்டையும் கனகாம்பரமும் போதும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து தாராளம் காட்டாதீர்கள். நித்தியகல்யாணிக்குத் தினம் ஊற்றினால் வேர் அழுகும். அதைக் கொண்டுபோய் கனகாம்பரத்துக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு இரண்டுக்கும் ஒரே வாளி என்றால், ஒன்று சாகும். லாரித் தண்ணீர் வாங்குகிற தெருவில் பெட்டூனியாவுக்குத் தினம் இரண்டு வேளை ஊற்றுவது எனக்குக் கோபமே வரவழைக்கிறது.

"இதெல்லாம் கோயில் நந்தவனம் மாதிரி இருக்கு, பாட்டி காலத்துப் பூ" என்கிறான் வகுப்புத் தோழன். இருக்கட்டுமே! நந்தவனம் வைத்தவர்களுக்குத் தினமும் பூ வேண்டியிருந்தது. ஒரு மாசம் பூத்து ஓய்கிற செடியை வைத்து அவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

பழையது எல்லாமே நல்லது என்றும் நான் சொல்லவில்லை. அரளி எந்த வறட்சியையும் தாங்கும், ஆனால் செடி முழுக்க விஷம். கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி வேண்டாம் என்று நிறுத்தியது. வாசற்படிக்குப் பக்கத்தில் அதை வைக்காமல், அந்த வெயில் மூலையை இட்லிப்பூவுக்குக் கொடுங்கள்.