முதியோரின் பலமும் புதுவையின் கடமையும்

கருவடிக்குப்பம் என்றதும் தேசபக்தர்களுக்குக் குயில் தோப்பும், சித்தானந்த சுவாமி கோயிலும், பாரதியாரும் நினைவுக்கு வரும். புதுவை நகரத்துச் சாமானிய ஜனங்களுக்கோ முதலில் நினைவுக்கு வருவது அவ்வூர் மயானந்தான். அங்கே போய்ச் சேருமுன் நம் முதியோர் கழிக்கும் கடைசிப் பத்துப் பதினைந்து வருஷங்களைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

முதியோருக்குச் சர்க்கார் உபகாரப் பணம் தருகிறது, மாத்திரை தருகிறது. இவை வேண்டியவையே. ஆனால் முக்காலியிலிருந்து எழப் பேரன் கையை எதிர்பார்த்திருக்கும் கிழவருக்கு அப்பணத்தால் ஆவதென்ன? பிறர் கையைப் பற்றாமல் எழுந்து நிற்பதே தேகத்தின் சுயராஜ்யம் என்று நாம் கருதுகிறோம். அது பறிபோவது வயதினால் மட்டுமன்று. வேலை கொடாமையால் தசை தேய்வதும் பெருங்காரணம். நம் பாட்டிமார் உரலும் அம்மியும் கிணற்றுக் கயிறும் கொண்டு தம்மையறியாமலே பளுப் பயிற்சி செய்துவந்தனர். மோட்டாரும் கிரைண்டரும் வந்தன; உழைப்பு ஒழிந்தது, நல்லதே. அதனிடத்தில் வேறொன்றை நாம் வைக்கவில்லை.

"தினமும் கடற்கரையில் உலாவுகிறோமே" என்பர் சிலர். உலாவட்டும். ஆனால் நடை இருதயத்துக்குச் செய்யும் நன்மை வேறு, தொடைத் தசைக்குப் பளு செய்யும் நன்மை வேறு. 65 வயதுக்கு மேற்பட்டோர் வாரத்தில் இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், மூன்று நாளேனும் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் செய்ய வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வற்புறுத்தியிருக்கிறது. புதுவையில் இதற்கு மற்றொரு முகாந்தரமும் உண்டு. இங்கே வயது வந்தோரில் 100-க்கு 26 பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகிறது. ரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெருமளவு செலவழிப்பது தசையே.

தொண்ணூறு வயதில் இதெல்லாம் சாத்தியமா என்று கேட்போருக்கு அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து விருத்தர் விடுதியில் நடந்து 1990-இல் வெளியான பரிசோதனையைச் சுட்டிக்காட்டுவோம். அதில் சேர்ந்தோர் பத்துப் பேர். சராசரி வயது 90. எட்டு வாரம் காலால் பளுத் தூக்கினர். முடிவுவரை பயின்ற ஒன்பது பேரின் தொடை பலம் சராசரி 174 சதவீதம் கூடிற்று. இருவர் கைத்தடியைக் கைவிட்டனர். ஆனால் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அந்தப் பலத்தில் 32 சதவீதம் போய்விட்டது. இந்தப் பிற்பாதியை நம் அதிகாரிகள் இருமுறை படிக்க வேண்டும். ஒருநாள் முகாம், மந்திரியின் திறப்புரை, புகைப்படம் என்ற அளவில் நிற்கும் காரியமல்ல இது.

தேகப்பயிற்சி இளைஞர் சொத்து என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. 1910 முதல் பத்தாண்டு புதுவையில் வசித்த வ.வே.சு. ஐயர் வாலிபருக்கே உடற்பயிற்சி போதித்தார். அக்காலத்துக்கு அது பொருத்தம். ஆயினும் அதே நகரில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்து அன்னை எழுபது வயதுக்கு மேல் டென்னிஸ் ஆடினார். அதைக் கண்டு வியந்தோமேயன்றிப் பின்பற்றினோமில்லை.

கருவடிக்குப்பத்தில் தொடங்கலாம். பெரிய கட்டிடம் வேண்டாம். நிழலுள்ள ஒரு கூடம், கைப்பிடியில்லாத உறுதியான இருபது நாற்காலி, கணுக்காலில் கட்டும் மணற்பைகள், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர். பெண்களுக்குப் பெண் ஆசிரியை அவசியம். எலும்பு தேய்ந்து விழுந்து இடுப்பொடிவோரில் அவர்களே அதிகம். முதல் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்து வைத்தியர் பரிசோதிக்க வேண்டும். அடங்காத ரத்த அழுத்தமும் புதிய நெஞ்சுவலியும் உள்ளவர் முதலில் சிகிச்சை பெறட்டும். வெறும் முழங்கால் வலிக்காக யாரையும் திருப்பியனுப்பலாகாது.

கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறதென்று அன்றே பதிவேட்டில் குறிக்க வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தேகத்திறன் குறைந்ததெனக் கொள்வது ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவு. பத்துப் பன்னிரண்டு முறை தூக்குவதற்குள் சிரமம் தெரியும் பளுவே சரியான பளு. எளிதானால் கூட்ட வேண்டும். பூங்காக்களில் நிறுத்தும் இரும்புக் கருவிகள் பலவற்றில் பளுவைக் கூட்ட வழியில்லை, சொல்லிக்கொடுக்க ஆளுமில்லை. அவற்றை நம்பிப் பயனில்லை. மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். மூச்சை விட்டுக்கொண்டே தூக்கக் கற்பிக்க வேண்டும். பருப்பு, முட்டை, மீன் இவற்றில் ஒன்றேனும் அன்றாடம் முதியோரின் இலையில் விழுகிறதா என்பதை வீட்டார் கவனிக்க வேண்டும். கஞ்சியே போதுமென்பது சிக்கனமாயிருக்கலாம், தசைக்கு உதவாது.

மூன்று மாதத்துக்கொருமுறை அந்த வினாடிக் கணக்கைச் சுகாதார இலாகா பிரசுரிக்கட்டும். இருபது நாற்காலிக்கு டெண்டர் கோரவே ஒரு வருஷமாகும் என்றால், வாலிபர் சங்கத்தார் அவற்றைக் கலியாண மண்டபத்தில் இரவல் வாங்கி அடுத்த திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம்.