அகப்பாட்டும் அணுகுண்டும்

"அணுவுகத்தின் அழிவு வரலாற்றைப் படிக்கும் இளைஞர் கையில் குறுந்தொகை எதற்கு? காதற்பாட்டு, வேலையற்றோர் பொழுதுபோக்கு அன்றோ?" எனக் கேட்கின்றனர் சிலர். சீர்திருத்தம் பேசுவோரும் கேட்கின்றனர் என்பதுதான் வேதனை! இரு வகை நூல்களையும் ஒரே மேசையில் வைத்துப் படியுங்கள் என்கிறோம் நாம். காரணம் கூறுவோம், கேளுங்கள்.

1946 பிப்ரவரி. பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் ஒன்று பிகினி. ஞாயிறு வழிபாடு முடித்த மக்களிடம் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வயட் பேசினார். மாந்தகுல நலனுக்காகத் தீவை விட்டுத் தருக என்றார். ஆண்டவன் வழிநடத்திய இஸ்ரவேலரோடு அவர்களை ஒப்பிட்டார். வேதத்தைக் காட்டி வீட்டைப் பறித்த வித்தை அது! 167 பேர் வெளியேறினர். அவர்தம் வரலாற்றை எழுதிய ஜாக் நீடென்தால், 'மாந்தகுல நலனுக்காக' என்ற அச்சொற்களையே நூலுக்குப் பெயராக்கினார்.

1958க்குள் பிகினியில் 23 அணுவெடிப்புகள். 1954 மார்ச் 1இல் வெடித்த குண்டின் ஆற்றல் 15 மெகாடன். ஹிரோஷிமாக் குண்டினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! அதன் சாம்பல் ரோங்கலாப் தீவினர்மீதும், ஜப்பானிய மீன்பிடி படகொன்றில் இருந்த 23 பேர்மீதும் பொழிந்தது.

பிகினி மக்களோ, 1948இல் கிலி தீவில் குடியேற்றப்பட்டனர். அங்கே காயல் இல்லை. காயலில் படகோட்டி மீன்பிடித்த கைகள் வேலையிழந்தன. ஆட்சியாளருக்கு இரண்டும் தீவுதான். வரைபடத்தில் இரண்டும் புள்ளிதான்!

இந்த இடத்தில்தான் அகப்பாட்டை எடுங்கள் என்கிறோம். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். மரமும் பறவையும் உணவும் தொழிலும் கருப்பொருள். காதலர் உணர்வு உரிப்பொருள். நெய்தல் தலைவியின் ஏக்கம் புன்னை நிழலிலும் உப்பங்கழியிலும் பிறக்கிறது. குறிஞ்சி மலையில் அதனைக் கொண்டுபோய் நட முடியுமா? அங்கே கடவுள் தலைவனில்லை. காதலரின் பெயர் கூறவும் மரபில்லை. மண்ணோடு பிணைந்த மனிதரே பொருள்.

பிகினிக்குத் திரும்பலாம் என 1968இல் அறிவித்தனர். சிலர் திரும்பினர். பவளத்தீவின் மண்ணில் பொட்டாசியம் குறைவு. தென்னையோ அதனை ஒத்த சீசியத்தை உறிஞ்சித் தேங்காயில் சேர்த்தது. உண்டவர் உடலில் நஞ்சேறியது. 1978இல் மறுபடியும் வெளியேற்றம்! தென்னை நின்றது, காய்த்தது, உண்ணத்தான் இயலவில்லை. முதற்பொருள் கெட்டது, கருப்பொருள் நஞ்சானது. உரிப்பொருளுக்கு மிஞ்சியது இரங்கல் ஒன்றே.

அகப்பாட்டு குண்டைத் தடுக்குமா எனக் கேட்பர். தடுக்காது. கதிரியக்கத்தை அளக்க அறிவியல் வேண்டும். இழந்தது இன்னதென்று உணர இலக்கியம் வேண்டும். திணை இலக்கணம் ஒப்பிக்கும் புலவர் நஞ்சேறிய கடற்கரைக்கு ஒரு சொல் உதிர்ப்பதில்லை. கதிரியக்கக் கணக்கு ஒப்பிக்கும் தோழரோ, அக்கரையில் காத்திருந்த பெண்ணை அறிவதில்லை. இருவருக்கும் பாதிக் கண்ணே திறந்திருக்கிறது!

தோழர்களே, "வெறும் நிலம்தானே, நாட்டு நலனுக்காக விட்டுத் தருக" என்று எவர் எந்த ஊரில் வந்து கேட்டாலும், எந்த மறையை மேற்கோள் காட்டிக் கேட்டாலும், இரண்டு நூல்களையும் அவர்முன் விரித்து வையுங்கள். வெறும் நிலம் என்று ஒன்று உலகில் இல்லை என்று சொல்லுங்கள்.