நொக்கியாவின் இரண்டாவது ஆட்டம்

மாலையானால் கல்லடிப் பாலத்தடியில் பொடியன்மார் குந்தியிருந்து போனில் சுட்டு விளையாடுகிறார்கள். யாருடைய போன் எந்தக் கொம்பனி என்று ஒருவரும் கேட்பதில்லை. நொக்கியாவுக்குப் பிடிபடாமல் போனது இதுதான். 2003இல் அது விட்ட என்-கேஜ் என்ற விளையாட்டுப் போனில் விளையாட்டை மாற்றப் பற்றரியைக் கழற்ற வேண்டும். பேசுவதற்குப் போனின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும். சிரிக்காதவர் இல்லை. 2008 ஏப்ரலில் அதே பெயர் திரும்பி வந்தது, இம்முறை கருவியாக அல்ல, போன்களுக்கு விளையாட்டு விற்கும் சேவையாக. நல்ல யோசனைதான். ஆனால் என்95, என்81 போன்ற விலைகூடிய சில போன்களில் மட்டுமே ஓடியது. அதுவும் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு வாங்கிய போனோடு சரி. போனை மாற்றினால் மறுபடி வாங்க வேண்டும். ஒரு தோணிக்கு வாங்கிய வலையை அடுத்த தோணியில் ஏற்றக்கூடாது என்றால் நம் வாவி மீனவர் சும்மா விடுவாரா? அந்தச் சேவை வந்து மூன்று மாதத்தில் அப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. என்-கேஜ் தோற்ற பழியை அதன்மேல் போட எனக்கு மனமில்லை. 2009 ஒக்டோபரில், இனிப் புது விளையாட்டுகள் வராது என்று நொக்கியாவே அறிவித்தது.