லினக்ஸுக்கு நோய் வராதா? ஒரு மூடநம்பிக்கைக்கு மறுப்பு

மூடநம்பிக்கை படிப்பறிவற்றோரிடம் மட்டுமே குடிகொண்டுள்ளது என்று கருதுவோர் ஒருமுறை எமது விடுதிகளுக்கு வந்து செல்வது நலம். "லினக்ஸுக்கு வைரஸ் வராது, அதைப் போட்டுவிட்டால் போதும்" என்னும் வாசகம் இங்கே மந்திரம்போல் ஓதப்படுகிறது. கலைப்பீட மாணவன் விஞ்ஞானபீட நண்பனிடம் கேட்டு நம்புகிறான். அந்த நண்பன் தனக்கு மூத்தவனிடம் கேட்டு நம்பியவன். எவரும் ஏன் என்று வினவியதில்லை. பென் டிரைவ் ஒன்றிலிருந்து ஒரே மாலைப்பொழுதில் உபுண்டுவோ மின்ட்டோ நிறுவப்படுகிறது. நிறுவிக் கொடுத்தவர் ஒரு கோப்பைத் தேநீருடன் விடைபெறுகிறார். அன்றிலிருந்து அக்கணினி தெய்வத்தின் காவலில் விடப்பட்டதாகிறது.

இக்கட்டுரை லினக்ஸுக்கு எதிரானதன்று. அதனை முதலிலேயே தெளிவுபடுத்திவிடல் வேண்டும். டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரையில் ஏறிய 2022ஆம் ஆண்டின் பின்னர், கண்டியிலும் அதனைச் சூழ்ந்த தோட்டப்புறங்களிலும் இருந்து வரும் மாணவருக்குப் புதிய கணினி எட்டாக்கனி. அண்ணன் பாவித்ததைத் தம்பி பாவிக்கிறான். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியபோது, நல்ல நிலையிலிருந்த எண்ணற்ற இயந்திரங்கள் ஒரே நாளில் 'பழையன' ஆயின. மறுபுறத்தில், மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ., இலங்கையில் நிறுவப்பட்ட மென்பொருளில் உரிமம் பெறாதது 2011இல் 84 சதவீதம் என்றும் 2017இல் 77 சதவீதம் என்றும் கணித்தது. விற்பவர் கூறும் கணக்கு ஆகையால் அதனைச் சற்றுத் தள்ளுபடியுடன் ஏற்போர் ஏற்கலாம். எனினும் களவுப் பிரதியை உடைத்துத் திறப்பதற்கென வரும் 'சாவிகளே' பல வேளைகளில் நச்சு நிரல்களைச் சுமந்து வருகின்றன என்பதில் ஐயமில்லை. இந்நிலையில் பழைய இயந்திரத்தில் சுதந்திர மென்பொருளை நிறுவுவது பொருளாதார அடிப்படையிலும் நேர்மை அடிப்படையிலும் சரியான முடிவே. முடிவு சரி, அதன் பின்னர் வரும் அசட்டையே தவறு.

மந்திரத்தைச் சோதித்துப் பார்ப்போம். 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி டைன் என்னும் அமெரிக்க நிறுவனம் தாக்கப்பட்டு, உலகின் பெரிய இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. தாக்கிய படை எது? 'மிராய்' என்னும் நிரலால் பீடிக்கப்பட்ட வீட்டு ரவுட்டர்களும் கண்காணிப்புக் கமராக்களும். அவை இயங்கியது லினக்ஸில்! மிராய் அவற்றுள் நுழைவதற்கு மாயவித்தை எதையும் கையாளவில்லை. தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொற்கள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது. உரிமையாளர் அவற்றை மாற்றியிருக்கவில்லை. எமது வீட்டு மூலையில் பச்சை விளக்குடன் கண்சிமிட்டும் ரவுட்டரும் பெரும்பாலும் லினக்ஸில் இயங்குவதே. அதன் அடிப்புறத்தில் ஒட்டப்பட்ட கடவுச்சொல்லை மாற்றியோர் எம்மிடையே எத்தனை பேர்?

"அது ரவுட்டர், நாம் பேசுவது கணினி" என்பர் சிலர். அவர்களுக்கும் விடையுண்டு. லினக்ஸ் சாதாரணப் பயனரையும் 'ரூட்' என்னும் நிர்வாகியையும் பிரித்து வைக்கிறது. மென்பொருள்களைக் கையொப்பமிடப்பட்ட களஞ்சியங்களிலிருந்து வழங்குகிறது. பதிவிறக்கிய கோப்பு தானாக ஓடும் உரிமையைப் பெறுவதில்லை. இவை உண்மையான பலங்கள். ஆயின் இவை முதன்மையாகக் காப்பது முறைமையை. ஒரு மாணவிக்கு முறைமையா பெரிது? முறைமையை அரைமணி நேரத்தில் மீண்டும் நிறுவலாம். அவள் கலகாத் தோட்டத்து லயன்களில் மூதாட்டியரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்த தாலாட்டும் ஒப்பாரியும், ஆய்வேட்டின் நான்கு இயல்களும், உலாவியில் சேமித்த வங்கிக் கடவுச்சொல்லும் அவளது சொந்தக் கோப்புறையிலேயே உள்ளன. அவள் பெயரில் ஓடும் எந்த நிரலும் அவற்றை வாசிக்கலாம், அழிக்கலாம், பிறருக்கு அனுப்பலாம். அதற்கு ரூட் உரிமை வேண்டியதில்லை. கோட்டையின் மதிலைக் காட்டிப் பெருமைப்படுவோர், கருவூலம் மதிலுக்கு வெளியே இருப்பதைக் கவனிப்பதில்லை.

அடுத்த அசட்டை இன்னும் பாரதூரமானது. கணினியில் ஏதேனும் பழுது ஏற்பட்டால் எம்மவர் கைக்கொள்ளும் வைத்தியம் ஒன்றே: 'போமட்'. கண்டி நகரத்துத் திருத்தகங்களில் அது நெடுங்கால வழக்கம். லினக்ஸுக்கு மாறியோரும் அதே வழக்கத்தைச் சுமந்து வந்துள்ளனர். தலைவலிக்குத் தலையை வெட்டும் இவ்வைத்தியத்தில் நோய் இன்னதென்று எவரும் அறிவதில்லை. ஆகையால் அதே நோய் அடுத்த மாதமும் வருகிறது.

உண்மையில் லினக்ஸ் தனது நோயைத் தானே எழுதி வைக்கும் இயல்புடையது. 'ஜேர்னல்' எனப்படும் அதன் நாட்குறிப்பில் ஒவ்வொரு நிகழ்வும் நேரத்துடன் பதிவாகிறது. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வருகிறதா? பெரும்பாலும் வட்டு நிறைந்திருக்கும், அல்லது சொந்தக் கோப்புறையிலுள்ள கோப்பு ஒன்றின் உரிமை மாறியிருக்கும். புதுப்பித்தலின் பின் திரை கருமையாகிறதா? தொடக்கப் பட்டியலில் முந்தைய கருனி இன்னும் இருக்கிறது. அதனைத் தெரிந்து ஏறிப் பார்த்தால், குற்றம் புதிய கருனியிலா திரையட்டை இயக்கியிலா என்பது துலங்கும். திடீரென எந்தக் கோப்பையும் சேமிக்க முடியவில்லையா? அது வைரஸ் அன்று. கோப்பு முறைமையில் பிழை கண்ட லினக்ஸ், மேலும் சேதம் நேராதபடி வட்டை 'வாசிக்க மட்டும்' என்ற நிலைக்கு மாற்றியுள்ளது. வட்டு இறந்துகொண்டிருக்கிறது என்பதற்கும் அதுவே முதல் எச்சரிக்கையாகலாம். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்திலும், சித்திரை, ஐப்பசி மாதப் பிற்பகல்களில் மலைநாட்டு இடிமின்னலின்போதும், மின்கலம் செத்த பழைய மடிக்கணினிகளுக்கு இது அடிக்கடி நேர்வது. அவ்வேளையில் செய்யவேண்டியது கோப்புகளை உடனே வேறிடத்துக்குப் பிரதிசெய்தல். எம்மவர் செய்வதோ போமட்! எச்சரித்த காவலாளியை அடித்துத் துரத்துவதற்கு ஒப்பானது இது.

பழுது தேடுவதும் பாதுகாப்பதும் இருவேறு கலைகள் என்னும் எண்ணமே இவ்வளவுக்கும் அடிப்படை. அவை ஒன்றே என்பதற்கு 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்ததைவிடச் சிறந்த சான்று இல்லை. அண்ட்ரெஸ் புரொயின்ட் என்னும் பொறியியலாளர், தமது சோதனைக் கணினியில் தொலைநுழைவு வழமையைவிட அரைச் செக்கன் தாமதிப்பதைக் கண்டார். அரைச் செக்கன்! எம்மவராயின் கணினி பழசு என்று தோளைக் குலுக்கியிருப்போம். அவர் காரணத்தைத் தேடினார். 'எக்ஸ்செட்' எனும் சுருக்கல் மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், ஈராண்டுக்கு மேலாகப் பொறுமையுடன் நம்பிக்கை சம்பாதித்த பராமரிப்பாளர் ஒருவரின் பெயரில் புகுத்தப்பட்ட கள்ளக் கதவு வெளிப்பட்டது. மார்ச் 29ஆம் திகதி அவர் அதனை உலகுக்கு அறிவித்தார். பரவலாகப் பயன்படும் நிலைப்பதிப்புகளை அது சென்றடையுமுன் தடுக்கப்பட்டது. அங்கே காவல் செய்தது எந்த வைரஸ் எதிர்ப்பு மென்பொருளும் அன்று. ஒரு சிறு பழுதின் காரணத்தை அறியாமல் விடுவதில்லை என்ற ஒரு மனிதரின் பிடிவாதமே. மூலநிரல் திறந்திருந்தமையால் அப்பிடிவாதத்துக்குப் பயன் கிட்டியது என்பதும் உண்மை. திறந்த கதவும் வேண்டும். உள்ளே நோக்கும் கண்ணும் வேண்டும்.

எமது மாணவரின் கண் எங்கே நோக்குகிறது? முன்பின் அறியாத எவரோ எழுதிய கட்டளையை அப்படியே எடுத்து முனையத்தில் ஒட்டி, 'சூடோ' கேட்கும் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டு, பொருள் என்னவென்று பாராமல் ஓடவிடுகிறார்கள். எல்லாக் கோப்புகளுக்கும் எல்லா உரிமையும் வழங்கும் '777' கட்டளை இங்கே சர்வரோக நிவாரணி. இது வானத்திலிருந்து விழுந்த பழக்கமன்று. விரிவுரைக் குறிப்பைப் பொருளறியாது மனனம் செய்து விடைத்தாளில் கொட்டும் பழக்கத்தின் தொடர்ச்சியே இது. குறிப்பை ஒப்புவித்தால் புள்ளி கிடைக்கும். கட்டளையை ஒப்புவித்தால் வட்டு காலியாகும். அவ்வளவே வேறுபாடு. விரிவுரையாளர்கள் இதனை வாசித்து முகஞ்சுளிப்பராயின், தமது வகுப்பில் கடைசியாக ஒரு மாணவர் 'ஏன்' என்று கேட்டது எப்போது என்பதையும் நினைவுகூர்தல் வேண்டும்.

பிரதி பற்றிய அசட்டையைக் குறித்துத் தமிழ்ச் சமூகத்துக்கு எடுத்துரைக்க நேர்வதே வெட்கக்கேடானது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி நள்ளிரவு கடந்து யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூல்களுக்கு வேறிடத்தில் பிரதி இருந்தது. ஒரே பிரதியாக இருந்த ஏடுகளோ போனது போனதுதான். அந்த வடுவைச் சுமப்பவர்கள் நாம். ஆயினும் மூன்றாண்டு உழைப்பை ஒரே வட்டில், ஒரே அறையில் வைத்துவிட்டு நிம்மதியாகத் துயில்கிறோம். 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமையைப் பணயநிரல் தாக்கியபோது, மே 17 தொடக்கம் அன்று வரையிலான தரவுகள் மீட்கமுடியாதவாறு அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. ஆதரவுக்காலம் கடந்த மென்பொருள், அக்காலப்பகுதிக்குத் தனியாக ஒதுக்கி வைக்கப்படாத பிரதி: இவ்விரண்டுமே இழப்புக்கு வழிவகுத்தவை. அரசைப் பார்த்து நகைப்பவர்கள், 2023இல் பொது ஆதரவு முடிந்த உபுண்டு 18.04 இன்னும் தமது மேசையில் ஓடுகின்றதா என்று பார்த்துவிட்டு நகைக்கட்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை மண்சரிவாலும் வெள்ளத்தாலும் சிதைத்த பின்னர், பிரதியை அதே வீட்டில் வைத்திருப்பது பிரதியே அன்று என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒன்று வீட்டில், இன்னொன்று வேறு ஊரில். இரண்டும் எப்போதும் கணினியுடன் பொருத்தியிருத்தல் ஆகாது. பொருத்தியிருப்பதைப் பணயநிரலும் தொடும். மாதமொருமுறை ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத பிரதி வெறும் நம்பிக்கை. அதுபோலவே, நிறுவும் வேளையில் முழு வட்டையும் மறைகுறியாக்கம் செய்யாத மடிக்கணினி கண்டிப் புகையிரதத்தில் தொலைந்தால், அதன் நுழைவுக் கடவுச்சொல் எதனையும் காவாது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பூட்டினால் யாவும் வெட்டவெளிச்சம். நிறுவிக் கொடுக்கும் நண்பர்கள் இவ்வொரு தெரிவை ஏன் தாண்டிச் செல்கிறார்கள்? நேரம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். இத்தகைய அரைகுறைச் சேவையைவிட, முறையாகப் புதுப்பிக்கப்படும் உரிமம் பெற்ற விண்டோஸ் மேலானது என்று கூறவும் நான் தயங்கேன். சுதந்திர மென்பொருள் அன்பர்கள் சினப்பராயின் சினக்கட்டும்.

இனி, "இவையெல்லாம் ஆங்கிலத்தில் உள்ளன, பொறியியற்பீடத்தினர் பார்த்துக்கொள்வர், தமிழ்ச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" என்போருக்கு வருவோம். 1847இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைமருத்துவத்தைக் கற்பித்தார். 1864 அளவில் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். இரண வைத்தியத்தையும் தமிழில் நூலாக்கினார். உடலை அறுத்துத் தைக்கும் கலை தமிழில் இயன்றதாயின், வட்டு நிறைந்துவிட்டது என்று சொல்லத் தமிழுக்கு வலுவில்லை என்போரின் கூற்று எத்தன்மையது? தமிழகத்தவர் 2012 ஜனவரி முதல் 'கணியம்' என்னும் இதழைக் கட்டற்ற மென்பொருளுக்கென்றே நடத்தி வருகின்றனர். எமது வளாகத்தின் பின்னே நிற்கும் மலையின் பெயரைத் தாங்கி, பெடோராவை அடியொற்றி இலங்கையரால் ஆக்கப்பட்ட 'ஹந்தான லினக்ஸ்' என்றொரு வெளியீடு இருந்ததையாவது எம்மவர் அறிவரோ? மலையை நாள்தோறும் பார்க்கிறோம்.

மாணவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது பாதி உண்மை. பாடநூலை அமைதியாக வாசிக்குமளவு தெரியும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முதல் இரவு கருந்திரையில் வெள்ளெழுத்துகள் விரைந்தோடும்போது, அச்சம் முந்திக்கொள்கிறது, மொழி பின்தங்குகிறது. அவ்வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் தமிழில் ஒரு நூல் இருத்தல் வேண்டும். அது கலைச்சொற் பட்டியலாக இருந்து பயனில்லை. எமது அறிஞர்கள் 'கேர்னல்' என்பதற்குக் கருனியா, உட்கருவா என்று பத்தாண்டு வாதாடுவர். அதற்குள் வட்டுகள் பல செத்துவிடும். அறிகுறி, நாட்குறிப்பில் தேடவேண்டிய வரி, அதன் பொருள், செய்யத்தக்கது, செய்யத்தகாதது என்ற ஒழுங்கில், மலையகத்து மாணவர் பாவிக்கும் பழைய இயந்திரங்களில் உண்மையாக நேரும் பழுதுகளைக் கொண்டு அது எழுதப்படல் வேண்டும். நூறு பக்கம் போதும். கணினி தெரிந்தவர் சொல்ல, தமிழ் தெரிந்தவர் எழுத, இருவரும் அல்லாத முதலாண்டு மாணவர் ஒருவர் வாசித்துப் பார்த்து விளங்காத இடங்களில் கோடிடட்டும். ஆண்டு மலருக்கெனச் சங்கம் செலவிடும் உழைப்பில் பாதி இதற்குப் போதுமானது. முதல் அத்தியாயத்துக்கு உரிய பொருள் இவ்வாண்டே விடுதிகளில் திரட்டத்தக்கது: கடந்த பன்னிரண்டு மாதங்களில் போமட் செய்யப்பட்ட கணினிகள் எவை, ஒவ்வொன்றிலும் முன்னதாகத் தோன்றிய பிழைச்செய்தி யாது, அதனை வாசித்தவர் எவரேனும் உண்டா என்பன.